கோழி கொடுத்த வீடு

நாற்காலிதான் முதலில் உறுத்தியது. சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு வேறு. துண்டின்மேல் உட்காருவதா, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவதா என்று கிளீட்டஸுக்கு விளங்கவில்லை. பாதிக் குண்டி துண்டிலும் பாதி பிளாஸ்டிக்கிலுமாக ஒருக்களித்து இருந்தவன் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அப்படியேதான் இருக்கிறான். இடது தொடை மரத்துவிட்டது. மாறி உட்கார்ந்தால் நாற்காலி கிறீச்சிடும், கிறீச்சிட்டால் இந்தப் பக்கம் பங்குச் சாமியாரும் அந்தப் பக்கம் கிளப் செயலாளன் ஆன்சலும் ஒன்றுபோலத் திரும்பி, தண்ணீர் வேண்டுமா, வெயில் அடிக்கிறதா என்று கேட்பார்கள். வெயில் அடிக்கத்தான் செய்கிறது. சாயங்கால வெயில் கடல்மேல் பட்டு நேரே மூஞ்சிக்கு வருகிறது. அதோ கோயில் மதில், அதில் வரிசையாகக் காலைத் தொங்கவிட்டு ஊரே இருக்கிறது, அங்கே தெங்கு நிழல், அங்கே விளக்குக் கம்பத்துக்கும் கூட்டாளி ததேயுவுக்கும் நடுவில் இருக்கிற இடம் அவனுடையது. கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளிலெல்லாம் கிளீட்டஸின் வேட்டி உரசி உரசி அந்த இடத்தில் சுண்ணாம்பே போய்விட்டது. இப்போதும் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அதுதான் நாற்காலியைவிட உறுத்தியது. பழைய நாளாக இருந்தால் ஒருத்தன் லேசாக எழுந்தாலே அடுத்தவன் நகர்ந்து உட்கார்ந்துவிடுவான், இன்றைக்கு ஒருத்தனும் நகரவில்லை. செத்தவன் இடம் மாதிரி விட்டுவைத்திருக்கிறான்கள்.

அரையிறுதி ஆட்டம். அருளன்துறை செபஸ்தியார் கிளப் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கி நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இடைவேளை விசில், விசிலுக்குப் பிறகு வழக்கம்போலக் கோழி ஏலம், ஏலத்துக்குப் பிறகு மைக் பிடிக்கிற ராபின்சன் ஒரு முக்கிய அறிவிப்பைச் சொல்லப்போவதாகக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த அறிவிப்பு என்னவென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவன் கிளீட்டஸ் ஒருத்தன்தான், ஏனென்றால் அதை அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. கொச்சித் துறைமுகத்தில் படகை அணைத்துவிட்டு, மீன் இறக்கிய கையோடு, செதிள் ஒட்டிய விரலால் கிழித்து வாங்கிய லாட்டரிச் சீட்டு. ஓணம் பம்பரில் இரண்டாம் பரிசு. பத்திரிகைக்காரன் வந்து போனான், வங்கிக்காரன் வந்து போனான், பார்த்தே இராத ஒரு சித்தப்பன் மகன் குடும்பத்தோடு வந்து மூன்று நாள் தங்கிப் போனான், அதெல்லாம் போகட்டும், அதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். ஆன்சல் வந்தபோதுதான் பேச்சு வேறானது. கத்தாரில் இருந்து திரும்பிய பையன், பேச்சில் கெட்டிக்காரன், பொய்க்காரன் இல்லை, அதைச் சொல்லவேண்டும். கிளப்பைக் கம்பெனியாகப் பதிவு செய்யலாம், வெளியிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை எடுக்கலாம், லீக்கில் இறக்கலாம், முக்கால் பங்கு அண்ணாச்சிக்கு, அண்ணாச்சிதான் முதலாளி என்றான். நேற்றுவரை கிளீட்டண்ணன் என்று கூப்பிட்டவன் அன்றைக்குத்தான் முதன்முதலாக அண்ணாச்சி என்றான். ஜெர்சியில் முன்னால் செபஸ்தியார், முதுகில் கிளீட்டஸ் என்று இருக்குமாம். கேட்கும்போது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது, இனிக்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

போட்டால் என்ன, போட்டால்தான் என்ன என்று மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கிளப்புக்குக் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பான்? அம்மை செத்தபோது அவன் லட்சத்தீவுக்கு அப்பால் சுறாவுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது, திரும்பினால் ஒரு வாரம் ஓட வேண்டும், ஐஸில் வைத்தும் காக்க முடியாது, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கரைக்கு வந்தபின்தான் கேள்விப்பட்டான், பெட்டியைத் தூக்கியது கிளப் பையன்கள். அன்றைக்கு ஆட்டம் இருந்ததாம், பாதியில் விட்டுவிட்டு, மஞ்சள் ஜெர்சியோடும் மண் ஒட்டிய காலோடும் வந்து, பிள்ளை கடலில் இருக்கிறான், அப்போ நாங்கதான் பிள்ளைகள் என்று சொல்லித் தூக்கினார்களாம். ததேயு முன்பக்கம் பிடித்தானாம். அந்தப் பாதி ஆட்டத்தின் புள்ளி எதிரணிக்குப் போனது, அதைப் பற்றி இன்றுவரை ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அப்படிப்பட்ட கிளப். அதற்கு நீ காசு போடாவிட்டால் நீ மனுஷனா கிளீட்டா என்று கேட்கிறது. சரி, போடு. ஆனால் போடுவது என்பது கொடுப்பதா வாங்குவதா, அங்கேதான் வந்து வந்து தட்டுகிறது, தூண்டில் கடலடிப் பாறைப் பாரில் மாட்டியதுபோல, எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கேயே வந்து நிற்கிறது. முக்கால் பங்கு என்றால் முக்கால் யார்? ததேயு மகன் கோல் காக்கும் கோலியாக நிற்கிறான், அவனில் முக்கால் எனக்கா? அம்மையின் பெட்டியைத் தூக்கிய தோளில் முக்கால் எனக்கா?

மைதானத்தில் ஒரு சத்தம். வலது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன், பொழியூரிலிருந்து கூலிக்கு ஆடக் கூட்டிவந்த பையன், இரண்டு பேருக்கு நடுவில் மாட்டி விழுந்துவிட்டான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் புரண்டான். மதில் முழுக்க அய்யோ என்றது. கிளீட்டஸுக்கும் நெஞ்சில் ஒன்று துள்ளியது, ஆனால் அது அய்யோ இல்லை. கூட்டிவந்த காசு வீணாப்போச்சே என்று துள்ளியது. முதலில் வந்தது அதுதான், அதற்குப் பின்னால்தான் பையன் வந்தான், அவன் முழங்கால் வந்தது, அவனைப் பெற்றவள் எங்கே நின்று மீன் விற்றுக்கொண்டிருக்கிறாளோ என்ற நினைப்பு வந்தது. கிளீட்டஸுக்கு உடம்பு கூசியது. பங்குக்கு இன்னும் ஒரு பைசா போடவில்லை, ஒரு காகிதத்தில் கையெழுத்து இல்லை, அதற்குள் கண்ணுக்குக் காசு தெரிகிறது, காலு தெரியவில்லை. போட்டபிறகு என்ன தெரியும்? தோற்றால் என்ன தெரியும்? அவன் வெற்றி தோல்வி பார்க்காத ஆளா? தோற்ற நாளெல்லாம் கோலியின் குடும்பத்தையே இழுத்து வைத்து ஏசிவிட்டு, அதே கோலியின் அப்பனோடு சேர்ந்து கட்டன்சாயா குடித்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினவன். முதலாளி அப்படி ஏசலாமா? ஏசினால் அது ஏச்சா, வேலையிலிருந்து நீக்குவதா? போன வாரம் கோலியைப் பார்த்து, கைக்கு என்னடா பக்கவாதமா என்று பழைய வாடிக்கையில் ஒரு சத்தம் போட்டான். பையன் திரும்பி, நெஞ்சில் கையை வைத்து மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பு. பழைய நாளாக இருந்தால் நீ வந்து பிடியேன் பார்ப்போம் என்று திருப்பிக் கொடுத்திருப்பான், மதில் சிரித்திருக்கும்.

பையன் எழுந்துவிட்டான். நொண்டி நொண்டி ஓடுகிறான். கைதட்டினார்கள், கிளீட்டஸ் எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினான். தட்டும்போது ஒரு பழைய வருஷம் ஞாபகம் வந்தது. நடுக்கடலில் இருக்கும்போது ஆட்டத்தின் முடிவு படகு படகாகத்தான் வரும், கரைப்பக்கம் நிற்கும் படகு அடுத்த படகுக்குச் சொல்ல, அது அதற்கடுத்ததற்குச் சொல்ல, கடைசியில் வந்து சேரும். ஒரு தடவை பல நாளாக மீனே இல்லை, அரிசியும் குறைந்துவிட்டது, ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கப் பிடிக்காத நேரம். படகோட்டி ஸ்தனிஸ்லாஸ் வயர்லெஸ்ஸைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, நம்ம பயலுவ கப்பு அடிச்சிட்டானுவ என்றான். அன்றைக்குக் கடைசிப் பால்மாவை உடைத்துச் சாயா போட்டுக் குடித்தார்கள், கிளீட்டஸ் எஞ்சின் மூடிமேல் ஏறி ஆடினான், மறுநாள் அதே கடலில் அதே தூண்டில் என்னவோ வேறு தூண்டில் மாதிரி இருந்தது. கரைக்கு வந்தால் தோற்றிருந்தார்கள். படகோட்டி வேண்டுமென்றே மாற்றிச் சொன்னான். ஒருத்தனுக்கும் அவன்மேல் கோபம் வரவில்லை, அதுதான் அதிசயம். இப்போது உட்கார்ந்து யோசித்தால், கப்பு வந்ததும் வராததும் அவர்களுக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது, கிளப் ஒன்று கரையில் இருக்கிறது, நாம் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் வேண்டியிருந்தது. ஆன்சல் கப்பு வாங்கித் தருவதாகச் சொல்கிறான். வாங்கித் தரவும் செய்வான்.

ஆனால் கரை இருக்க வேண்டுமே. கிளீட்டஸ் மைதானத்தைத் தாண்டிப் பார்த்தான். மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் முன்பு வள்ளம் இழுத்து வைக்கிற அளவுக்கு மணல் கிடந்தது, இப்போது பந்து கொஞ்சம் அழுத்தி அடித்தால் அலைக்குள் போகிறது, கோலி வேட்டியை மடித்துக் கட்டினதுபோல டவுசரைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்துவருகிறான். இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குமா தெரியாது. கோயிலுக்குக் கிழக்கே தெங்கு நிற்கிற விளை, அந்தத் தோப்பு, சும்மாதான் கிடக்கிறது, உடையக்காரர் விற்கப்போவதாகப் பேச்சு. புது மைதானத்துக்கு அதை வாங்கலாம் என்று ஆன்சலிடம் சொன்னபோது, இடம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணாச்சி, முதல்ல டீமு என்றான். முதலில் டீமு. மனசு மறுபடியும் பாரில் வந்து மாட்டியது.

போன ஞாயிறு காலிறுதி. அன்றைக்கு இடைவேளையில் நடந்ததுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். அருளன்துறையில் கோழி ஏலம் மற்ற ஊர்களில் ஏலம் விடுவதுபோல இல்லை. யாராவது ஒரு வீட்டார் கோழியோ பூசணிக்காயோ கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒருத்தன் பத்து என்பான், பத்தை எடுத்து வாளியில் போடுவான். அடுத்தவன் பதினைந்து என்றால், ஏற்றின அஞ்சை மட்டும் போட்டால் போதும். இப்படி ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போவார்கள், சாளைமீன் விற்கிற சாளைக்காரி ஏற்றுவாள், வலை பின்னுகிறவன் ஏற்றுவான், கடைசியாக ஏற்றினவன் கோழியைக் கொண்டுபோவான், வாளியில் கிடப்பது எல்லார் காசும். ஒரே ஒரு கட்டுப்பாடு, கொடுத்த வீட்டார் ஏலம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கொடுத்தவனே ஏற்றவும் தொடங்கினால் அது பெருமைக்கு ஆடுவது என்று ஒரு கணக்கு. ஒரு வருஷம் ததேயு பூசணிக்காய் கொடுத்துவிட்டு, வாய் தவறிக் கேட்டுவிடுவோமோ என்று பயந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன ஞாயிறு கிளீட்டஸ் என்ன செய்தான்? கிளப்புக்கு நல்லது செய்வோம் என்று நல்ல மனசோடுதான், ராபின்சன் கோழியைத் தூக்கிக் காட்டின மறு நிமிஷம், யாரும் பத்து என்பதற்குள், வாளியே கண்டிராத ஒரு தொகையைச் சொல்லிவிட்டான். ஊர் வாயடைத்தது. ராபின்சன் ஒரு தரம், இரண்டு தரம் என்று சும்மா பேருக்குச் சொன்னான். அதன்மேல் யார் அஞ்சு ரூபாய் ஏற்றுவார்கள்? கை தட்டினார்கள், ஒழுங்காக, பள்ளிக்கூடத்தில் தட்டுவதுபோல. சாளைக்காரி எமல்டாள் மடியிலிருந்து எடுத்த பத்து ரூபாயை மறுபடி மடியில் சுருட்டிக்கொண்டதை அவன் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அந்தக் கோழி ஒரு வாரமாக வீட்டில் நின்றது. பெண்டாட்டி ஜெசிந்தா அதன் காலில் நீலக் கயிற்றைக் கட்டி அடுக்களைப் பின்னால் விட்டிருந்தாள். அறுக்கவும் இல்லை, வளர்க்கிற மாதிரியும் இல்லை, அவனும் கேட்கவில்லை, அதுபாட்டுக்குக் காலையில் கூவிற்று, கூவும்போதெல்லாம் யாரோ தன் பேரைச் சொல்லிப் பரிகாசம் பண்ணுவதுபோல இருந்தது. இன்று காலையில் சட்டை மாட்டும்போது அவளிடம் நேராகவே கேட்டான், கிளப்பில் பங்கு போடவா வேண்டாமா என்று. இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் பந்து விஷயமாக யோசனை கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "ஊரு கை படாத கோழியை நான் அறுக்க மாட்டேன், கேட்டியளா" என்றாள். அவ்வளவுதான். இவளிடம் ஒன்றைக் கேட்டால் ஒன்றைச் சொல்வாள் என்று எரிச்சலோடு வந்துவிட்டான். வரும்போது சட்டைப் பையில் சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொண்டான். இன்றைக்குச் சின்னதாக ஏற்றுவது, எல்லாரையும்போல அஞ்சு அஞ்சாக ஏற்றுவது, அவர்கள் மேலே ஏற்றினால் சந்தோஷமாக விட்டுவிடுவது. ஆனால் ஏற்றுவார்களா? அவன் அஞ்சு என்றாலும் வாயடைத்துப்போனால்? அந்தப் பயம்தான் தொடையைவிட அதிகமாக மரத்துக் கிடந்தது. அஞ்சு ரூபாய்க்கும் மரியாதை காட்டிவிட்டார்கள் என்றால், பங்கு போட்டாலும் போடாவிட்டாலும் அவன் இனி இந்த நாற்காலிதான்.

விசில் ஊதியது. பையன்கள் வந்து மணலில் விழுந்து தண்ணீர் குடித்தார்கள். ராபின்சன் மைக்கைத் தட்டினான். வாளி வந்தது. கிளீட்டஸ் பைக்குள் கையை விட்டு நோட்டைத் தடவிக்கொண்டான், அஞ்சு, அஞ்சுதான், வாயில் அஞ்சு என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டான். ராபின்சன் கோழியைத் தூக்கிக் காட்டினான். காலில் நீலக் கயிறு. முதலில் கயிறுதான் தெரிந்தது, பிறகு கோழி, பிறகு அது தன் வீட்டுக் கோழி என்பது. பெண்கள் நிற்கிற பக்கம் பார்த்தான். ஜெசிந்தா எமல்டாளுக்குப் பக்கத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது கிளீட்டஸ் வீட்டுக் கோழி, ஜெசிந்தக்கா குடுத்தது" என்று மைக் சொன்னது.

பைக்குள் இருந்த விரல் அப்படியே நின்றது. கொடுத்த வீடு. வாயைத் திறக்கக் கூடாது. அடிப்பாவி என்று ஒரு கோபம் வந்து, அது பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. ஊர் மொத்தமும் திரும்பியது. முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார்கள், அவன் வாயைப் பார்த்தார்கள், பிறகுதான் ஒவ்வொருத்தருக்காக உறைத்தது, இவன் இன்றைக்குப் பேச முடியாது. எமல்டாள் பத்து என்றாள், போன வாரம் சுருட்டின அதே பத்தாகத்தான் இருக்கும், வாளியில் விழுந்தது. மதிலிலிருந்து ஒருத்தன் அஞ்சு ஏற்றினான். அவன் மச்சினன் அவன்மேல் ஏற்றினான், ரோஷத்துக்கு. ஐஸ் கம்பெனிக்காரன், வலைக்காரன், மாதா சபைப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரே குரலில், மறுபடி எமல்டாள். வாளி கைமாறிக் கைமாறி ஓடிற்று, சில்லறை சிந்திற்று, பொறுக்கினார்கள், யாரோ யாரையோ கஞ்சன் என்றார்கள். கிளீட்டஸுக்கு வாய் அரித்தது. முப்பது வருஷப் பழக்கம், நாக்கு நுனியில் எண் வந்து வந்து நிற்கிறது. குண்டிக்கு அடியில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். மதிலில் அதை முதலில் பார்த்தவன் ததேயுதான், அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அந்தச் சிரிப்பு மதில் முழுக்கப் பரவியது. கிளீட்டஸுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டு வாயில் இருந்ததால் நல்லதாய்ப்போயிற்று, அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியாது. கோழி கடைசியில் மாதா சபைக்குப் போனது. போன வாரம் அவன் ஒருத்தன் போட்டதில் பாதிகூட இன்று வாளியில் இருக்காது, அது அவனுக்குத் தெரியும். வாளி தூக்குகிறவன் அதைத் தூக்கியபோது உள்ளே சில்லறை அசைந்தது.

ஆன்சல் காதருகே குனிந்தான். ராபின்சன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு காத்து நின்றான். சொல்லிவிடலாமா அண்ணாச்சி என்று ஆன்சல் கேட்டான். கிளீட்டஸ் துண்டை வாயிலிருந்து எடுத்து நாற்காலிக் கையில் போட்டான்.

"கிழக்க உள்ள விளையை வாங்கிக் கிளப்பு பேருல எழுதித் தாறேன். பங்கு வேண்டாம். எம்பேரும் வேண்டாம்."

ஆன்சலுக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், அவனும் கெட்டது நினைத்தவன் இல்லை, ஆறு மாசமாக இதற்காக அலைந்தவன். விளையை வாங்கித் தந்துவிட்டு ஒதுங்கிவிட்டால் டீமை யார் நடத்துவது, காசுக்கு எங்கே போவது, இவ்வளவு கொடுப்பவர் சொல்லுக்கு ஒரு இடம் வேண்டாமா என்று மளமளவென்று கேட்டான்.

"வாளி இருக்குல்லா" என்றான் கிளீட்டஸ். பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததால், "கோழி குடுத்தவன் ஏலம் கேக்கப்பிடாது மக்கா" என்று சேர்த்துச் சொன்னான்.

எழுந்தபோது தொடையில் ரத்தம் ஓடி முள் முள்ளாகக் குத்தியது. நொண்டிக்கொண்டே மைதானத்தின் ஓரமாக நடந்தான். பின்னால் ராபின்சன் விளையைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தான், அருளன்துறை கைதட்டியது, இந்தத் தடவை சீட்டியும் இருந்தது, ஆனால் அது தனக்குத்தானா, மறுபடி மைதானத்தில் இறங்கின பையன்களுக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. செய்தது சரியா? எழுதிக் கொடுத்தபின் அந்த விளையில் இவர்கள் என்ன செய்தாலும் அவன் கேட்க முடியாது. கல்யாண மண்டபம் கட்டினாலும் கேட்க முடியாது. லீக்குக்குப் போயிருக்க வேண்டிய பையன் எவனாவது இவனால் கரையிலேயே கிடந்துபோவானோ, ததேயு மகனே அப்படிப் போவானோ. அந்தப் பயம் கூடவே நடந்து வந்தது. மதிலில் கையை ஊன்றி ஏறினான். விளக்குக் கம்பத்துக்கும் ததேயுவுக்கும் நடுவில் இடம் அப்படியேதான் கிடந்தது. ததேயு, ஏறி வந்தவன் இன்னும் முதலாளியா இல்லையா என்று பார்ப்பவன்போலக் கொஞ்சம் விறைத்துக்கொண்டுதான் இருந்தான். ஆட்டம் தொடங்கியது. எதிரணிப் பையன் ஒருத்தன் தூரத்திலிருந்தே அடித்த பந்து, எடுக்கக்கூடிய பந்து, கோலியின் கையில் பட்டு வழுக்கி உள்ளே போயிற்று. இரண்டாவது கோல். கிளீட்டஸ் மதில்மேல் எழுந்து நின்றுவிட்டான். கைக்கு விளக்கெண்ணெயாடா பூசினே, உங்கப்பனும் இப்படித்தாண்டா ஓட்டைக் கையன் என்று அடித்தொண்டையிலிருந்து வந்தது. கோலி இந்தப் பக்கம் திரும்பினான். நெஞ்சில் கை வைக்கப்போகிறானோ என்று கிளீட்டஸ் அவன் கையையே பார்த்தான். பையன் கையை உயர்த்தி, நீ வந்து பிடி என்று சைகை காட்டினான்.

பக்கத்திலிருந்து ததேயு வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"ஏலேய் கிளீட்டா, இரில. மறைக்குது."

கிளீட்டஸ் உட்கார்ந்தான். சுண்ணாம்பு போன இடம் பகல் வெயிலில் கிடந்து இன்னும் சூடாக இருந்தது.